படகு டிரெய்லரில் பறந்துபோகும் சக்கர மூடி: சின்ன விஷயம்னு விட்டால் என்ன ஆகும்?

சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணி. மெல்போர்னின் டேன்டினாங் பகுதியிலிருந்து ஹேஸ்டிங்ஸ் படகுத்துறைக்கு இரண்டு நண்பர்கள் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காருக்குப் பின்னால் டிரெய்லர். அதன்மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐந்து மீட்டர் அலுமினியப் படகு. ஸ்நாப்பர் மீன் சீசன் தொடங்கிவிட்டது. பாதி வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, டிரெய்லரை ஒரு சுற்று சுற்றிவந்தவர் கத்துகிறார்: "மச்சான், இடதுபக்கச் சக்கரத்துல மூடியைக் காணோம்டா!"

சக்கரத்தின் நட்டநடுவே இருக்க வேண்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக மூடி அங்கே இல்லை. அந்த இடத்தில் வெறும் கிரீஸ் தெரிகிறது. டயரின் பக்கவாட்டிலும் மட்கார்டின் உட்புறத்திலும் கிரீஸ் தெறித்திருக்கிறது.

"சில டாலர் மூடிதானே, அப்புறம் வாங்கிக்கலாம்" என்று கிளம்பிவிடலாமா? கூடாது. மூடி தானாகக் கழன்று விழுந்தால், ஒன்று அது அந்தச் சக்கரத்துக்குப் பொருந்தாத மூடி. அல்லது, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் ஹைவேயில் ஏறுவது, பின்னால் வருபவர்களின் உயிரோடும் விளையாடுவது.

அந்த மூடிக்கு அப்படி என்ன வேலை?

டிரெய்லரின் அச்சு நுனியை ஸ்பிண்டில் என்பார்கள். அதன்மேல் சுழலும் உருளைதான் ஹப். இந்த ஹப்பில்தான் சக்கரம் நட் போட்டு மாட்டப்படுகிறது. ஸ்பிண்டிலுக்கும் ஹப்புக்கும் நடுவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பேரிங்குகள். இவை ஒருபக்கம் குறுகிய உருளைகளைக் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங்குகள். அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு இது. மேலிருந்து வரும் எடை, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் வரும் தள்ளு, இரண்டையும் ஒரே பேரிங் தாங்கும் என்பது இதன் சிறப்பு.

இந்த பேரிங்குகள் கிரீஸில் மூழ்கியிருக்க வேண்டும். உள்பக்கம் கிரீஸ் வெளியேறாமல் தடுப்பது ரப்பர் ஆயில் சீல். வெளிப்பக்கம் அதே வேலையைச் செய்வதுதான் நம் மூடி. தூசியும் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது, கிரீஸ் வெளியே வரக் கூடாது. அதன் வேலை அவ்வளவுதான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது மூடி இல்லை. ஸ்பிண்டில் நுனியில் இருக்கும் பெரிய நட்டும், அது சுழன்று கழலாமல் குறுக்கே செருகப்பட்டிருக்கும் ஸ்பிளிட் பின்னும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் மூடி போனவுடனே சக்கரம் கழன்று ஓடிவிடாது. ஆனால், மூடியைத் தள்ளிவிட்ட அதே கோளாறு அடுத்து பேரிங்கை உடைக்கலாம். பேரிங் நொறுங்கினால் ஹப்போடு சேர்ந்து சக்கரமே கழன்று ஓடும்.

காருக்கு வராத பிரச்சினை டிரெய்லருக்கு ஏன்?

இன்றைய கார்களில் பெரும்பாலும் சீல் செய்யப்பட்ட பேரிங் யூனிட்தான். ஓட்டுபவர் அதைத் தொடவே வேண்டியதில்லை. தேய்ந்தால் மொத்தமாக மாற்றிவிடுவார்கள். அதனால், கார் ஓட்டிப் பழகிவிட்டு முதல்முறை டிரெய்லர் வாங்குபவருக்கு "சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கணும்" என்ற எண்ணமே வருவதில்லை.

படகு டிரெய்லரின் வாழ்க்கையே வேறு. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். பிறகு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓடும். ஓடி முடித்த சூட்டோடு கடல் தண்ணீருக்குள் இறக்கப்படும். பெரும்பாலானவற்றில் பட்டை ஸ்பிரிங் மட்டும்தான், ஷாக் அப்சார்பர் கிடையாது. ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக ஹப்புக்குப் போகும்.

சக்கரமும் சின்னது. 53 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 முறை சுற்றும். முன்னால் இழுக்கும் காரின் 66 சென்டிமீட்டர் டயர் அதே வேகத்தில் சுமார் 800 முறைதான் சுற்றும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர். பள்ளிக்கூட இயற்பியல் இங்கே வேலை செய்கிறது. ஓடிவந்த ஹப் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது, கடல் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்கியதும் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்கிறது. அதன் அழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதற்கு அது சமம். ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.

மூடி ஏன் கழல்கிறது?

மூடியில் மரையும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. ஹப்பின் துளையைவிட மூடி மயிரிழை அளவு பெரிதாக இருக்கும். அதை இறுக்கித் தட்டி உள்ளே ஏற்றுவார்கள். அந்த இறுக்கம்தான் பிடிப்பு. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பிடிப்பு போய்விடும். அது குறைய ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, தவறான அளவு. ஆஸ்திரேலியாவின் சிறிய டிரெய்லர்களில் அதிகம் இருப்பவை எல்.எம்., எஸ்.எல். என்ற இரண்டு வகை பேரிங்குகள். கடைகளில் முதல் வகையை 'ஹோல்டன்' என்றும் இரண்டாவதை 'ஃபோர்டு' என்றும் சொல்வார்கள். ஃபோர்டு 2016-லும் ஹோல்டன் 2017-லும் அங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டன. பெயர்கள் மட்டும் டிரெய்லர் சக்கரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் மூடி சுமார் 45 மில்லிமீட்டர், இன்னொன்றின் மூடி சுமார் 50 மில்லிமீட்டர். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். ஆனால், ஒரே வகை என்று விற்கப்படும் இரண்டு தயாரிப்புகளுக்கு இடையே இருக்கும் நுண்ணிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கையால் அழுத்தினாலே மூடி உள்ளே போகிறது என்றால் அது உங்கள் ஹப்புக்கான மூடி இல்லை.

இரண்டாவது, நெளிந்த மூடி. கிரீஸ் வைக்க ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, சுத்தியலால் அடித்து மாட்டினால், வட்டமான மூடி கொஞ்சம் கொஞ்சமாக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், பிடிக்காது.

மூன்றாவது, துருப்பிடித்த அல்லது தேய்ந்த ஹப் துளை. ஒருமுறை மூடி உள்ளுக்குள் ஆடத் தொடங்கிவிட்டால் அதுவே துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடும். அதற்குப் பிறகு புது மூடி போட்டாலும் நிற்காது.

நான்காவது, அளவுக்கு மிஞ்சிய கிரீஸ். "நிறைய வைச்சா நல்லதுதானே" என்ற நினைப்பில் மூடிக்குள் வழிய வழிய அடைப்பார்கள். ஓடும்போது சூடாகி கிரீஸும் உள்ளே சிக்கிய காற்றும் விரியும். 15 டிகிரியில் இருந்த காற்று எங்கும் கசியாமல் 70 டிகிரிக்குப் போனால், 45 மில்லிமீட்டர் மூடியை உள்ளிருந்து சுமார் மூன்று கிலோ விசையோடு தள்ளும். இறுக்கமான மூடி இதற்கெல்லாம் அசையாது. ஏற்கெனவே தளர்ந்த மூடி, ரோட்டுக் குலுக்கலும் சேர்ந்தால் வெளியே வந்துவிடும்.

ஐந்தாவதுதான் பயப்பட வேண்டியது. பேரிங் கெட்டுப்போயிருப்பது. உள்ளே புகுந்த உப்புத் தண்ணீர், டிரெய்லர் சும்மா நிற்கும் மாதங்களில் உருளைகளை அரித்துக் குழி விழவைக்கிறது. அடுத்த பயணத்தில் அந்தக் குழிகளால் உராய்வு ஏறும், ஹப் கொதிக்கும், கிரீஸ் இளகி ஓடும். தேய்ந்த பேரிங்கில் ஹப் ஆட்டம் போடும். அந்த ஆட்டமே மூடியை உலுக்கி வெளியே தள்ளும். இங்கே மூடி விழுவது நோய் இல்லை, அறிகுறி.

வழியில் மூடி போய்விட்டால் என்ன செய்வது?

முதலில் டிராஃபிக்கிலிருந்து விலகிப் பாதுகாப்பான, சமமான இடத்தில் நிறுத்துங்கள். பிறகு மூன்றைப் பார்க்க வேண்டும்: சூடு, ஆட்டம், கிரீஸின் நிறம்.

சூடு பார்க்க, புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டுபோங்கள். உடனே தொட்டுவிட வேண்டாம், கை வெந்துவிடலாம். இதமான சூடு இயல்பு. மறுபக்கச் சக்கரத்தோடு ஒப்பிடுவது நல்ல வழி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் அங்கே கோளாறு இருக்கிறது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

ஆட்டம் பார்க்க, டிரெய்லர் காரோடு மாட்டியிருக்கும்போதே, கார் ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மிக லேசான அசைவு பரவாயில்லை. 'டக் டக்' என்று ஆடினால் சரியில்லை. கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் பேரிங் போச்சு.

கிரீஸின் நிறம்தான் உள்ளே நடந்ததை உள்ளபடி சொல்லும்.

புதிதாக வைத்தபோது இருந்த நிறத்திலேயே சுத்தமாக இருக்கிறதா? சூடும் ஆட்டமும் இல்லையா? அப்படியென்றால் பிரச்சினை மூடியின் பொருத்தத்தில்தான். சுற்றியுள்ள இடத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் துண்டை வைத்து டேப் சுற்றி தூசி போகாமல் மறைத்து, மெதுவாக வீட்டுக்கோ கடைக்கோ போய்விடலாம். ஆனால் அன்றைக்குப் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. மூடியில்லாத ஹப்புக்குள் கடலே வந்துவிடும்.

பால் காபி நிறத்தில் கலங்கியிருக்கிறதா? தண்ணீர் புகுந்துவிட்டது. மூடி மட்டும் மாற்றினால் போதாது. ஹப்பைக் கழற்றி, பேரிங்குகளைக் கழுவிச் சோதித்து, ஆயில் சீலையும் மாற்ற வேண்டும்.

கறுத்து, கருகிய வாடையோடு, உள்ளே உலோகத் துகள் மினுமினுக்கிறதா? அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று உருட்டாதீர்கள். அங்கேயே ஹப்பை மாற்ற வேண்டும். இல்லையென்றால் டிரெய்லரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

திரும்பக் கழலாமல் மாட்டுவது எப்படி?

அளவெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரி லேபில் பிடித்த வெர்னியர் காலிப்பருக்கு இங்கே வேலை வந்துவிட்டது. ஹப் துளையின் உள்விட்டத்தை இரண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். எல்லாத் திசையிலும் ஒரே அளவு வந்தால் துளை வட்டமாக இருக்கிறது. அதைவிட மயிரிழை பெரிதான மூடியை வாங்குங்கள். பழைய மூடியை அளந்து அதே அளவில் வாங்காதீர்கள். அந்த அளவுதான் கழன்று விழுந்தது.

அடுத்து சுத்தம். துளைக்குள் கந்தல் துணியை அடைத்துவிட்டு, மூடி உட்காரும் விளிம்பில் இருக்கும் துருவை மெல்லிய எமரி பேப்பரால் லேசாக எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் துளை பெரிதாகிவிடும். தூள் ஒன்றுகூட பேரிங்குக்குள் போகக் கூடாது.

மூடியை மாட்டும்முன் பேரிங் நட்டைச் சரிபாருங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி பேரிங்குகளை இருப்பில் உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, கைவிரலால் மட்டும் இறுக்கி, பக்கத்துத் துளையில் ஸ்பிளிட் பின்னைப் போட வேண்டும் என்பது பொதுவான முறை. உங்கள் அச்சுக்குத் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை வளைத்த பின் இரண்டாம் முறை உடையலாம்.

மூடியை நேராக வைத்து, அதன்மேல் மரக்கட்டையை வைத்து, கட்டையின்மேல் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் மூடியின்மேல் படவே கூடாது. ஒருபக்கம் முதலில் இறங்கினால் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறங்கும்போது கை எதிர்ப்பை உணர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அளவு தப்பு.

துளை லேசாகத் தேய்ந்திருந்தால், பொருத்தங்களை இறுக்கப் பயன்படும் ரீட்டெய்னிங் காம்பவுண்ட் என்ற திரவம் உதவும். கிரீஸ் கொஞ்சம் இருந்தாலும் அது பிடிக்காது. துளை விளிம்பையும் மூடி விளிம்பையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, மெல்லிய கோடாக மட்டும் தடவ வேண்டும். சிலிக்கான் பசை தண்ணீர்க் கசிவைக் குறைக்குமே தவிர, மூடியைப் பிடித்து வைக்காது. துளையின் விளிம்பில் பன்ச் வைத்து நாலைந்து புள்ளி குத்தி இறுக்குவது, வீட்டுக்குப் போய்ச்சேரும்வரை மட்டும் தாங்கும் வைத்தியம். மூடி உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது என்றால் பேசாமல் ஹப்பையே மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பிரிங் வைத்த மூடி போட்டால்?

'பேரிங் படி' என்ற பெயரில் பலரும் அறிந்த மூடி இது. உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இருக்கும். வெளியிலிருந்தே கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்றலாம். ஸ்பிரிங் உள்ளிருக்கும் கிரீஸை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பதால், தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உறிஞ்சும் விளைவு குறையும். படகு டிரெய்லருக்கு நல்ல ஏற்பாடுதான்.

சாதாரண மூடியைவிட இது கனமானது, நீளமானது. எனவே பொருத்தம் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். கிரீஸ் ஏற்றுவதிலும் கவனம் தேவை. கையால் அழுத்தும் கிரீஸ் கன்கூட ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றோ 30 சொச்சம் பி.எஸ்.ஐ.தான். இஷ்டத்துக்கு அடித்தால் பின்னால் இருக்கும் ஆயில் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக்கில் போய் ஒட்டும். பிஸ்டனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அது அசைந்துகொடுத்தால் உள்ளே போதுமான கிரீஸ் இருக்கிறது. அசையவில்லை என்றால் மட்டும், பிஸ்டன் கொஞ்சம் வெளியே நகரும்வரை மெதுவாக ஏற்றுங்கள்.

இன்னொன்று. வெளியிலிருந்து கிரீஸ் ஏற்ற முடிகிறது என்பதற்காக உள்ளே பார்க்காமலேயே வருடங்களைக் கடத்தக் கூடாது. வருடம் ஒருமுறையாவது ஹப்பைக் கழற்றி, பேரிங்குகளைக் கழுவி, தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸை உருளைகளுக்குள் புகும்படி அடைத்து, புது ஆயில் சீல் போட வேண்டும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுதாகக் கழுவிவிட்டுப் புதிதாக வையுங்கள். ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ் கலந்தால் இளகி ஓடிவிடும்.

வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை

கிளம்பும்முன் இரண்டு மூடியையும் கையால் அசைத்துப் பாருங்கள். மூடிக்கும் ஹப்புக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், மூடி நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கிளம்பி 15, 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி ஹப் சூட்டைப் பாருங்கள். மட்கார்டில் புதிதாகக் கிரீஸ் தெறித்திருந்தால் விடாதீர்கள்.

படகுத்துறைக்குப் போனவுடன் டிரெய்லரைத் தண்ணீரில் தள்ளாதீர்கள். லைஃப் ஜாக்கெட், தூண்டில், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவைக்கும் அந்த நேரத்தில் ஹப் ஆறட்டும். வீடு திரும்பியதும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

பெட்டியில் இரண்டு உபரி மூடி, ஸ்பிளிட் பின், கிரீஸ், டிரெய்லரின் உயரத்துக்கு ஏற்ற ஜாக்கி இருக்கட்டும். கார் ஸ்பேனர் டிரெய்லர் வீல் நட்டுக்குச் சேருமா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பல நேரம் சேராது. நீண்ட தூரம் போகிறவர்கள், பேரிங்கும் கிரீஸும் வைத்துத் தயாராக இருக்கும் முழு ஹப் ஒன்றையே கூட எடுத்துப்போவது உண்டு.

சரி, பெட்ரோல் பங்கில் நிற்கும் அந்த இரண்டு பேர் என்ன செய்ய வேண்டும்? இடதுபக்க ஹப் கொதிக்கிறது, வலதுபக்கம் இதமாக இருக்கிறது, வழிந்த கிரீஸில் மினுமினுப்பு தெரிகிறது என்றால், விடை சுலபம். படகை அங்கேயே ஓரமாக விட அனுமதி கேட்டுவிட்டு, கடை திறந்ததும் ஹப் வாங்கப் போக வேண்டியதுதான். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே மச்சான்" என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். மற்றவர் அதற்கு மசியக் கூடாது. ஸ்நாப்பர் அடுத்த சனிக்கிழமையும் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில்தான் இருக்கும்.